சத்தம் இடது பக்கம்தான்

நனைந்த போர்வையைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டில் துவைப்பது அவள். பிழியும்போது மறுமுனையைப் பிடிப்பது அவர். மொட்டை மாடியில் எதிரெதிரே நின்று முறுக்கினால் போர்வை வடம்போலத் திரண்டு தண்ணீரைக் கக்கும். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை, மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் நடந்துகொண்டிருந்தது. அதில் அவருடைய பங்கு பெரும்பாலும் தப்பாக முறுக்குவதுதான். அவள் திருகுகிற போக்கிலேயே இவர் முனையும் போகும். போர்வை பிழிபடாமல் நடுவில் சும்மா உருளும். "நீங்க பிழியறீங்களா, இல்லை ஸ்கிப்பிங் கயிறு சுத்தறீங்களா?" என்று அவள் கேட்பாள். அவர் அவசரமாகத் திசையை மாற்றுவார். அதற்குள் அவளும் அவருக்காக மாற்றியிருப்பாள். மறுபடி உருளும். சிரித்துச் சிரித்தே பாதித் தண்ணீர் வடிந்துவிடும்.

இந்தச் சனிக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை. போர்வை உருண்டது. அவள் தன் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸுக்கு நிற்பவளைப்போல நின்றாள். அவராகவே திசையைச் சரிசெய்துகொண்டார். முறுக்கி முடித்ததும் அவர் கையிலிருந்த முனையையும் வாங்கிக் கொடியில் போட்டு, கிளிப் குத்தி, காலி வாளியோடு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன சத்தத்தால வந்தது" என்று அவர் போர்வையிடம் சொன்னார்.

சத்தம் என்பது அவருடைய காரில் வந்த சத்தம். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கார் ஸ்டாண்டில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர். யாராவது கூப்பிட்டால் லேசில் திரும்ப மாட்டார். மறுபடி கூப்பிட்டால் நிதானமாகத் திரும்பி "ம்?" என்பார். இதைத் தன் கம்பீரத்துக்குக் கிடைத்த பட்டமாக அவர் வைத்துக்கொண்டிருந்தார். மனிதன் எதை வேண்டுமானாலும் பட்டமாக எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்வான் என்பதற்குப் பிற்பாடு அவரே தன்னைத்தான் உதாரணம் காட்டுவார்.

நேராகப் போனால் வண்டி பூனைமாதிரி போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் வினை. மெதுவாக ஒரு யூ-டர்ன் அடிக்கும்போதும் நெருக்கமான இடத்தில் வண்டியை நுழைத்து நிறுத்தும்போதும் முன்பக்கத்தில் எங்கோ 'ட்ர்ர்ர்' என்று ஏதோ இறுகும். பிறகு 'டங்' என்று விட்டுவிடும். பழைய இரும்புக் கட்டிலில் தடிமனான ஒருவர் புரண்டு படுத்தது போலிருக்கும். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், "ஏன் தம்பி, இந்த வண்டி நம்மளை இறக்கிவிடுமா, இல்லை இது நம்மமேல இறங்குமா?" என்று கேட்டார்.

வாடிக்கையாளர் கேலி செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். முன்சீட்டுக்காரி இறங்கிப் போனதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அவர் மனைவி ஓர் ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிறவள். சட்டையின் மற்ற பாகங்களை வேறு வேறு வரிசைகளில் வேறு வேறு பெண்கள் தைப்பார்கள். இவள் கைக்கு வருவதெல்லாம் காலர்தான். "என் கையால ஒரு முழுச் சட்டை முடிஞ்சு நான் பார்த்ததில்லை. கழுத்து மட்டும் பார்த்துப் பார்த்து எனக்கு மனுஷங்களே கழுத்தா தெரியறாங்க" என்பாள். அவளைக் காலையில் ஆலை வாசலில் விட்டுவிட்டுத்தான் அவர் ஸ்டாண்டுக்குப் போவார். அந்தப் பயணத்தில்தான் அவர்களுடைய குடும்பமே நடந்தது. மகள் விஷயம், வீட்டுக் குழாய், ஆலை மேஸ்திரியின் பொய்ப் பல், அவள் சொல்லச் சொல்ல அவரும் பதிலுக்குப் பதில் பேசுவார், சண்டை போடுவார், சிரிப்பார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

"இந்த வண்டிக்குள்ள உட்கார்ந்தாதான் எனக்குப் புருஷன் கிடைக்கிறாரு. வீட்டுக்குள்ள வந்தா யாரோ சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டின மாதிரி இருக்கு."

ஆண்பிள்ளைக்கு வண்டிதான் களம், அங்கேதான் அவன் பிரகாசிப்பான் என்று அவர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

வண்டி முதல் தடவை பெரிதாக 'டங்' என்ற அன்று அவள் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "இதைச் சரி பண்ற வரைக்கும் நான் பஸ்ல போறேன்" என்று இறங்கியவள் இறங்கியவள்தான். அதோடு பேச்சும் பஸ் ஏறிவிட்டது.

அவருக்குத் தெரியாத ஒன்றை நாம் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அவள் பேசாமலிருந்ததற்குக் காரணம் வண்டிச் சத்தமல்ல. போன வாரத்தில் ஒருநாள், விளக்கை அணைத்துப் படுத்தபோது அவள் அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள். வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிற சின்னத் தையற்கூடம் ஒன்றை நடத்துகிறாள். கூட இருந்த கூட்டாளி விலகிவிட்டாள். நீ வந்தால் சேர்ந்து நடத்தலாம், துணி வெட்டும் மேஜை உன் பொறுப்பு, மாடியில் ஒரு வீடும் காலியாக இருக்கிறது என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். பதிலை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும். "எனக்குப் போகணும்னு ஆசையா இருக்குங்க. நீங்களும் வண்டியோட வந்துடறீங்களா? இல்லை, நான் மட்டும் போகட்டுமா?" என்று அவள் இருட்டில் கேட்டாள். கேட்பதற்கு முன் மனதுக்குள் பலநாள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கூரையில் கடகடத்துச் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்குமேல் ஒரு மனைவிக்கு என்ன பதில் வேண்டும்?

புதன்கிழமை மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா கேட்டதுக்கு ஏன் வாயே திறக்கலை?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எதைக் கேட்டாள், எப்போது கேட்டாள்? அப்பா என்கிற பதவியில் இருப்பவர் மகளிடம் போய் 'என்ன கேட்டா?' என்று விசாரிக்கலாமா? மரியாதை என்ன ஆவது?

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்மா" என்றார்.

"நல்லா யோசிங்க. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. பெரியம்மா அதுக்குமேல காத்திருக்க மாட்டாங்க."

"சொல்லிடறேன். அதுல என்ன?"

போனை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை, காத்திருத்தல். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது: அக்கா ஊரிலிருந்து வருகிறாள். ரயில் நிலையத்தில் காத்திருக்கமாட்டாள். அவளை வீட்டுக்கு அழைத்துவர வண்டி வேண்டும். இந்த 'டங்'கோடு அக்காவை எப்படி ஏற்றுவது என்பதுதான் வீட்டம்மாவின் கேள்வி. ஆக, சத்தத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தன் மூளை இப்படி வேலை செய்வதை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சத்தம் கண்டுபிடிப்பதில் அவர் ஸ்டாண்டிலேயே பேர்போனவர் என்பதுதான் இதில் வேடிக்கை. யார் வண்டியில் என்ன லொடலொடத்தாலும் அவரைத்தான் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவார். தெருமுனை திரும்பியதும் கண்ணைத் திறந்து, "இடது பக்கம்" என்பார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சாமான்களில் எது, லிங்க் ராடா, ஆர்ம் புஷ்ஷா, பால் ஜாயிண்டா என்பதில் கருத்து மாறலாம்; இடது பக்கம் மாறாது. முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். ஏனென்றால் சாலையில் ஓரம்தான் உடைந்து கிடக்கும். ஓரத்துக் குழியெல்லாம் இடது சக்கரத்துக்கே வாய்த்தது. எந்த வண்டியிலும் முதலில் தேய்வது இடது பக்கத்துச் சாமான்தான். மீதிக் கால்வாசி வண்டிகளுக்கு, "அது இந்த வண்டியோட பிறவிக் குணம், ஒண்ணும் பண்ணமுடியாது" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பை எதிர்த்து யாரும் மேலே போனதில்லை.

தன் வண்டிக்கும் அவரே கேட்டார், அவரே சொன்னார். இடது பக்கம்.

சந்துக்குள் ஒரே ஒரு வண்டி நிற்கும் அளவுக்குப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "ஓட்டிப் பார்க்கிறது உங்க வேலைண்ணே, கழட்டிப் பார்க்கிறது என் வேலை" என்பார். எந்த வண்டியையும் அவர் ஓட்டிப் பார்த்ததில்லை. ஜாக்கி வைத்துத் தூக்குவார், தொங்குகிற சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டுவார், கம்பியால் நெம்புவார். முதலில் இடது லிங்க் ராடு மாறியது. சத்தம் போகவில்லை. பிறகு ஆர்மும் அதன் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் ஒரு குடும்பமாக மாறின. சத்தம் போகவில்லை. "ஆக்சிலா இருக்குமோ?" என்று மெக்கானிக் இழுத்தார். அதில் இவர் உஷார். "ஆக்சில்னா சக்கரம் சுத்தச் சுத்த டக் டக் டக்னு அடிக்கணும். இது ஒரே ஒரு தடவை டங்குன்னுட்டு வாயை மூடிக்குது. நம்ம வீட்டுல மாதிரி" என்றார். காரின் இடது பக்கம் இப்போது புதுமாப்பிள்ளைபோல மின்னியது. வலது பக்கம் வண்டி வாங்கிய நாளிலிருந்து இருந்தபடியே இருந்தது.

சனிக்கிழமை, போர்வை பிழிந்த கையோடு, அவர் கடைசி ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஷாக் அப்சார்பரின் தலையில் உட்காரும் மவுண்ட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மேலே பாடியோடு சேருகிற இடத்தில், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவையும் கூடவே வழுக்கிக்கொண்டு திரும்புவதற்காக ஒரு பேரிங் வைத்த சாமான். "இடதுக்கு மாட்டு" என்றார்.

"மாட்டிடலாம், ஆனா ஜாக்கி மாட்டிக்கிச்சே" என்றார் மெக்கானிக். வாசலில் ஒரு பால் வேன் நின்றது. அதற்கு அடியில் போன ஜாக்கி இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வேன் டிரைவர் யாரையோ கூட்டிவரப் போயிருந்தான்.

வேறு வழியில்லாமல் காரைத் தரையிலேயே விட்டு பானெட்டைத் திறந்தார்கள். மெக்கானிக் பொழுது போகாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்தார்.

ட்ர்ர்ர். டங்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி நின்ற இடத்திலேயே சத்தம் வருகிறது! இத்தனை நாள் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தில் பாரமே இல்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தால் அது எப்படி வாயைத் திறக்கும்? தூங்குகிறவனைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊமை என்று முடிவு கட்டியதுபோல இருந்தது அவர்களுடைய பரிசோதனை.

"அப்படியே இரு, நான் கை வச்சுப் பார்க்கிறேன்" என்று அவர் இடது சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார். "திருப்பு."

டங். காதில் அத்தனை தெளிவாகக் கேட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்பிரிங் சாதுவாகத் திரும்பியது.

"மறுபடி திருப்பு."

டங்.

"சத்தம் இங்கதான் வருது, ஆனா ஸ்பிரிங் துள்ளலையே!"

மெக்கானிக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அண்ணே, எனக்கு இந்தப் பக்கம் கேட்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது. என் காலுக்கு முன்னாடி."

"உனக்குப் பட்டறைச் சத்தத்துல காது போச்சு. இடதுதான்."

"என் காதைச் சொல்லாதீங்க, நான் பக்கத்துத் தெருவுல நட்டு விழுந்தா என்ன சைஸ்னு சொல்றவன்."

"நான் ஊர் வண்டிக்கெல்லாம் சத்தம் கேட்டுச் சொல்றவன்!"

பக்கத்துக் கடைக் கண்ணாடி வெட்டுபவர் ஒரு நீளக் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனார். மெக்கானிக் ஸ்டியரிங்கைத் திருப்பி, "அண்ணாச்சி, எந்தப் பக்கம்?" என்று கத்தினார். கண்ணாடிக்காரர் நிற்கக்கூட இல்லை. "வலது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். ஸ்பிரிங்கைப் பிடித்தார். மெக்கானிக் திருப்பினார். ஸ்பிரிங் திரும்பாமல் அவர் பிடிக்குள் இறுகியது, இறுகியது, பிறகு வாளியில் பிடித்த மீன்போலத் துள்ளி உள்ளங்கையில் அடித்தது. கை வலது என்றது. அதே நொடியில் அதே 'டங்' அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடதிலிருந்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேட்டது.

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே" என்று மெக்கானிக் இறங்கி வந்தார். குரலில் கிண்டல் இல்லாததுதான் அவருக்குக் கவலையாக இருந்தது. "நீங்க போன் எந்தக் காதுல வச்சுப் பேசுவீங்க?"

"இந்தக் காதுல." இடது.

"மாத்தி வச்சதுண்டா?"

"எதுக்கு மாத்தணும்? இதுதான் நல்லா..." என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கிரீஸ் படிந்த ஆள்காட்டி விரலை இடது காதுக்குள் விட்டு அடைத்தார். பின்சுவரோரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த, டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. மெக்கானிக்கின் வாய் மட்டும் அசைந்தது. விரலை எடுத்தார். மெஷின் திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி அடைத்தார். மறுபடி போனது. புதுப் பொம்மை கிடைத்த குழந்தைபோல இதை அவர் பலதடவை செய்து பார்த்தார்.

"எப்ப இருந்து?" என்றார் மெக்கானிக்.

"யாருக்குத் தெரியும்? போறப்ப சொல்லிக்கிட்டா போச்சு?"

வலது ஜன்னல். வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அதை அவர் ஏற்றியதில்லை. காற்று, லாரி ஹாரன், எதிர்வண்டி இரைச்சல் எல்லாம் வலது காது வழியாகத்தான் போயின. வேலை பார்த்த காது கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விட்டு நின்றுவிட்டது. மீதமிருக்கும் ஒற்றைக் காதுக்கு எந்தச் சத்தமும் அது இருக்கிற பக்கத்திலிருந்தே வருவதாகப் படும். உலகமே அவருக்கு இடது பக்கம்.

மெக்கானிக்குக்கு வேறொன்று உறைத்தது. "அப்போ இத்தனை வருஷமா ஸ்டாண்ட் வண்டிக்கெல்லாம் இடது இடதுன்னு சொன்னீங்களே!"

"நீயும் இடது இடதுன்னு மாட்டினியே!"

இருவரும் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று சேர்ந்தே எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றார் மெக்கானிக். "என் பட்டறையை நான் மூடணுமா?"

வாங்கி வந்த மவுண்ட் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற சாமான்தான். ஜாக்கி விடுபட்டதும் வலது பக்கத்தைக் கழற்றினார்கள். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கவ்விகளை மாட்டி, பழைய மவுண்ட்டை எடுத்து மெக்கானிக் கையில் சுற்றினார். சுற்றவில்லை. உள்ளே பேரிங் துருப்பிடித்துக் கட்டியாகியிருந்தது. சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங்கின் கீழ்முனை திரும்பியிருக்கிறது, மேல்முனை திரும்ப மறுத்திருக்கிறது. முறுக்கு ஏறி ஏறி, தாங்கமுடியாமல் போனதும் 'டங்' என்று உதறியிருக்கிறது. "பாவம், இது எவ்வளவு நாளா கத்துது" என்றார் மெக்கானிக். அவர் பதில் சொல்லவில்லை. மெக்கானிக் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம்தான்.

சாயங்காலம் சந்து முனையில் யூ-டர்ன் அடித்துப் பார்த்தார்கள். சத்தமில்லை. "இல்லைதானே?" என்று அவர் மெக்கானிக்கைக் கேட்டார். தன் காதுக்கு இன்னொருவரிடம் சாட்சி கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே குதூகலம். பாதிச் செவிடு என்று தெரிந்த ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டி யாரும் பார்த்திருக்க முடியாது. அவள் வண்டியில் உட்கார்வது இடது பக்கம். வீட்டில் சாப்பிட உட்கார்வது வலது பக்கம். படுப்பது, சுவரோரம், வலது பக்கம். எல்லாம் விளங்கிவிட்டது! அவர் கல்நெஞ்சக்காரரல்ல, அகம்பாவம் பிடித்தவரல்ல, அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத புருஷனுமல்ல. ஒரு சாமான் பழுது, அவ்வளவுதான். பழுதுக்கு யாராவது வண்டியைக் கோபித்துக்கொள்வார்களா? அவளிடம் எப்படிச் சொல்வது என்று சத்தமாகப் பேசிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவள் கண்கலங்கி அவர் தலையைத் தடவினாள்.

அவள் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னார். ஜாக்கி, கண்ணாடிக்காரர், விரல், காற்று மெஷின். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"போன வருஷம் முதுகுவலி, அதுக்கு முன்னாடி கண்ணு, இப்ப காதா? வீட்டுல வேலை சொன்னா உங்களுக்கு ஒவ்வொரு பாகமா கழண்டுக்குமே."

"சத்தியமா சொல்றேன். வேணும்னா சோதிச்சுப் பாரு!"

அவள் எழுந்தாள். அவருடைய வலது பக்கம் பின்னால் போய் நின்றாள். அவர் இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, சோதனைக்கு வந்த மாணவனைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கழித்து அவள் அவர் தோளைத் தட்டினாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஏதாவது சொன்னியா?"

"உங்களைப் பத்தி, உங்க வண்டியைப் பத்தி, உங்க ஸ்டாண்டைப் பத்தி நல்லா நாலு வார்த்தை சொன்னேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்."

"எனக்குக் கேட்கலை."

"நிஜமாவா?" அவள் மறுபடி பின்னால் போனாள். இந்தத் தடவை நீளமாகப் பேசினாள் போலிருக்கிறது. முன்னால் வந்தபோது மூச்சு வாங்கியது, முகம் தெளிந்திருந்தது. "அப்பாடா" என்றாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஒத்திகையில் வந்த இடம் நெருங்குகிறது என்று நினைத்தார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ எங்கம்மா தவறின பிறகு, ஒருநாள் படுத்துக்கிட்டே உங்ககிட்ட என்னென்னமோ சொல்லி அழுதேனே. அது?"

"நீ எந்தப் பக்கம் படுத்திருந்தே?"

"எப்பவும் படுக்கிற பக்கம்தான்."

அவர் தரையைப் பார்த்தார். அவள் திரைச்சீலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நாளாக அந்த மனுஷன்மீது சேர்த்து வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"போன வாரம் கேட்டதும் கேட்கலை, அப்படித்தானே?"

"அதான் சொல்ல வந்தேன். உங்க அக்கா வர்றதுக்கு வண்டி ரெடி. எந்த ரயில்னு மட்டும் சொல்லு, நானே போய்..."

"அக்கா எங்க வர்றா?"

 அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்தாள். அவருடைய இடது பக்கத்தில் போட்டு, வண்டியின் முன்சீட்டில் உட்கார்வதுபோல நெருங்கி உட்கார்ந்தாள்.

"இப்ப கேட்கிறேன். நல்லா கேட்டுக்குங்க." அவள் அவசரப்படவில்லை. அக்காவின் தையற்கூடத்தைச் சொன்னாள். வெட்டு மேஜையைச் சொன்னாள். "காலர் மட்டும் இல்லைங்க, முழுச் சட்டை. நான் வெட்டி, நான் தச்சு, பொத்தான் வரைக்கும் நான்." மாடி வீட்டைச் சொன்னாள். "நாளைக்குள்ள அக்காவுக்குச் சொல்லணும். நீங்களும் வண்டியோட வர்றீங்களா, இல்லை நான் மட்டும் போகட்டுமா?"

ஒரு எழுத்துவிடாமல் கேட்டது. அவளுடைய மூச்சுகூடக் கேட்டது. தெருவில் போன சைக்கிள் மணி கேட்டது. இவ்வளவு துல்லியமாகக் கேட்கிற காது ஒன்று தனக்கு ஏன் மிச்சமிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

வரவேண்டும் என்றால் ஸ்டாண்டை விடவேண்டும். அந்த ஊரில் அவர் யார்? அங்கே யாரும் அவரை ஏற்றிக்கொண்டு சத்தம் கேட்கப் போகமாட்டார்கள். கண்ணை மூடிக் கையைத் தூக்கினால் தலைவலியா என்று கேட்பார்கள். அவளை மட்டும் போகச் சொன்னால் காலையில் முன்சீட்டு காலி. போர்வையின் மறுமுனையை மாடிக் கம்பியில்தான் கட்டவேண்டும். இரண்டு பதிலும் தொண்டைவரை வந்து எது முதலில் போவது என்று இடித்துக்கொண்டு நின்றன.

"வண்டிச் சத்தம் சுத்தமா போயிடுச்சு" என்றார். "ஒரு ரவுண்டு வந்து பாரேன். எப்படித் திருப்பினாலும் வராது."

அவள் அவரைப் பார்த்தாள்.

"நான் கேட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாம்?"

"எல்லாம் கேட்டுச்சு."

அவள் காத்திருந்தாள். அவர் வலது காதைச் சொறிந்தார். அந்தக் காது இருந்தால் என்ன, போனால் என்ன, இந்த இடத்தில் அதனால் ஒரு உபயோகமும் இல்லை. அவருடைய பழுது வேறு எங்கோ இருந்தது. அதை எந்தப் பக்கம் என்று சொல்ல எந்தக் கண்ணாடிக்காரரும் அந்த வழியாகப் போகவில்லை.

அவள் எழுந்தாள். மெஷின் விளக்கை அணைத்தாள். மேஜைமேல் கிடந்த பெரிய கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் எடுத்து, நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, அறையை விட்டு வெளியே போனாள். அவள் காலடிச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் தெரியவில்லை.